மணி அடித்தபின் யார் குரலை நம்புவது? குத்துச்சண்டை ஒளிபரப்புகள்: ஓர் ஒப்பீடு

2012 ஜூன் 9, லாஸ் வேகாஸ். மேனி பாக்கியாவும் டிமோத்தி பிராட்லியும் மோதுகிறார்கள். எச்பிஓ என்ற அமெரிக்கச் சந்தாச் சேனலின் ஒளிபரப்பில், அதன் அதிகாரமற்ற புள்ளிக்காரர் ஹெரால்ட் லெடர்மன் 119-109 என்று பாக்கியாவுக்குப் புள்ளி கொடுக்கிறார் (சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9; பன்னிரண்டு சுற்றின் கூட்டல் இது). வர்ணனையாளர்களுக்கும் சந்தேகமே இல்லை. முடிவு அறிவிக்கப்படுகிறது: இரண்டு நடுவர்கள் 115-113 என்று பிராட்லிக்கு, ஒருவர் 115-113 என்று பாக்கியாவுக்கு. வெற்றி பிராட்லிக்கு. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து, 2017 ஜூலையில், பிரிஸ்பேன் மைதானத்தில் அதே பாக்கியாவ். எதிரே ஜெஃப் ஹார்ன். இந்த முறை ஒளிபரப்பு இஎஸ்பிஎன். வர்ணனையாளர் டெடி அட்லஸ் 116-111 என்று பாக்கியாவுக்குப் போடுகிறார். மூன்று நடுவர்களும் ஹார்னுக்குக் கொடுக்கிறார்கள் (117-111, 115-113, 115-113). மேடையிலேயே ஹார்னிடம் மைக்கை நீட்டி, நீங்கள் தோற்றதாகத்தான் எனக்குப் பட்டது என்று அட்லஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மறுபடியும் கொதிப்பு.

இரண்டு சண்டைகளையும் உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஐந்து நடுவர்களை வைத்துத் திரும்பப் பார்க்க வைத்தது. முதல் சண்டையில் ஐந்து பேரும் பாக்கியாவ் வென்றதாகச் சொன்னார்கள். இரண்டாவதில் ஹார்னுக்கு 7 சுற்று, பாக்கியாவுக்கு 5 என்று வந்தது. இரண்டு இரவும் வர்ணனையில் இருந்தது ஒரே உறுதி, ஒரே கோபம். ஒன்றுக்கு ஆதாரம் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்டவருக்கு எது எது என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

"பழைய சண்டைகளை யாருடைய வர்ணனையில் பார்ப்பது, நேரலைக்கு எந்தச் சந்தாவுக்குப் பணம் கட்டுவது?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு இரவுகள்தான் ஞாபகத்துக்கு வரும். எந்தக் குரல் இனிமை என்பதைவிட, எந்தக் குரல் எந்த இடத்தில் நம்மை ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கட்சி.

## எதை வைத்து அளப்பது

அந்த ஒரு நிமிடம். மூன்று நிமிடச் சுற்றுக்குப் பிறகு ஒரு நிமிட ஓய்வு. பயிற்சியாளர் என்ன சொல்கிறார், வெட்டுக்காயத்தை எப்படி அடைக்கிறார்கள், வீரர் தண்ணீரை விழுங்குகிறாரா துப்புகிறாரா, கண் எங்கே பார்க்கிறது எல்லாம் அந்த நிமிடத்தில் தெரியும். பாதிச் சண்டை அங்கேதான் புரியும். அங்கே விளம்பரம் போடும் சேனலுக்கும் போடாத சேனலுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

யார் பேசுகிறார்கள், எதைப் பேசுகிறார்கள். நன்றாக அமைந்த குழுவில் ஒருவர் நடப்பதைச் சொல்வார், இன்னொருவர் ஏன் நடக்கிறது என்பார், மூன்றாமவர் இருவரையும் மறுப்பார். மூவரும் ஒரே கதையைச் சொல்ல ஆரம்பித்தால் உஷாராகிவிட வேண்டும்.

புள்ளியும் எண்ணிக்கையும். திரையில் வரும் அதிகாரமற்ற ஸ்கோர்கார்டும் குத்து எண்ணிக்கையும் நம் மனதை எப்படி வளைக்கின்றன என்பது.

யாருடைய காசு. வர்ணனையாளருக்குச் சம்பளம் கொடுக்கும் சேனலிடம் சண்டையிடும் வீரர்களில் ஒருவர் ஒப்பந்தத்தில் இருக்கிறாரா? சில சமயம் நிலைமை இதைவிட மோசம்: ஒளிபரப்பு நேரத்தையே சண்டையை நடத்துகிறவர் விலைக்கு வாங்கியிருப்பார்.

நம்முடைய காசு. இதைப் பற்றிக் கடைசியில்.

## எச்பிஓ: 1973 முதல் 2018 வரை

எச்பிஓவின் குத்துச்சண்டை 1973 ஜனவரி 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் தொடங்கியது. ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு சுற்றுக்குள் ஜோ ஃபிரேசியரை ஆறு முறை கீழே விழவைத்த சண்டை அது. ஃபிரேசியர் விழுகிறார் என்று ஹோவர்ட் கோசெல் அலறிய ஒலித்துண்டைப் பலர் கேட்டிருப்பார்கள். ஆனால் அது ஏபிசிக்காக அவர் செய்த வர்ணனை. எச்பிஓவில் அன்று பேசியவர் டான் டன்ஃபி. அவர் குரல் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? ஒரே சண்டைக்கு இரண்டு குரல் இருந்தால் காலத்தில் நிற்பது பெரும்பாலும் சத்தமான குரல்தான்.

நாம் இன்று "எச்பிஓ வர்ணனை" என்று சொல்வது 1988இல் ஜிம் லாம்ப்ளி வந்த பிறகு உருவானது. பக்கத்தில் லாரி மெர்ச்சன்ட், பத்திரிகைப் பத்தி எழுதிப் பழகியவர், எதையும் குதர்க்கமாகக் கேட்கிறவர். மூன்றாவது நாற்காலியில் குத்துச்சண்டைக்குள்ளிருந்தே வந்த ஒருவர்: ஷுகர் ரே லெனர்ட், ஜார்ஜ் ஃபோர்மன், ராய் ஜோன்ஸ் ஜூனியர், இமானுவேல் ஸ்டூவர்ட் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது.

இந்தக் குழுவின் பலத்தைப் பார்க்க 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் நடந்த டைசன்-டக்ளஸ் சண்டையைப் போட்டுப் பாருங்கள். தோற்கவே முடியாதவர் என்று நம்பப்பட்ட டைசன் எச்பிஓவின் சொத்து மாதிரி. எதிராளி டக்ளஸ் மேல் 42-க்கு 1 என்று பந்தயம் ஓடியது. ஆனால் லாம்ப்ளியும் மெர்ச்சன்டும் லெனர்டும் கையில் வைத்திருந்த கதையைப் பிடித்துத் தொங்கவில்லை. டக்ளஸின் ஜாப் (முன்னால் நீட்டிய கையால் விடும் நேர்க்குத்து) நேராகப் போய் விழுவதைக் கண்டு, சொல்லிக்கொண்டே போனார்கள். நடுவர்களைப் பாருங்கள்: ஒன்பது சுற்று முடிந்தபோது ஒருவர் சமநிலை, ஒருவர் டைசனுக்கு ஒரு புள்ளி அதிகம் என்று வைத்திருந்தார்கள். அன்று நடுவர் இருக்கையைவிட வர்ணனை இருக்கையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

1994 நவம்பர் 5 இன்னும் சுவாரசியம். 45 வயது ஃபோர்மன், எச்பிஓ மேசையில் லாம்ப்ளியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், கையுறை மாட்டிக்கொண்டு மைக்கேல் மூரருக்கு எதிரே போய் நிற்கிறார். ஒன்பது சுற்றும் புள்ளியில் பின்தங்கி, பத்தாவதில் ஒரு வலக்கை. அது நடந்துவிட்டது, நடந்தே விட்டது என்று லாம்ப்ளி கத்தியதைச் சிறந்த வர்ணனைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனாலும் சக ஊழியரின் சண்டையை வர்ணிக்கும் ஒருவரிடமிருந்து மூரர் எப்படிச் சண்டையிட்டார் என்று கற்றுக்கொள்ளப் போகாதீர்கள். அன்று மூரரின் மூலையில் பயிற்சியாளராக நின்றவர் யார் தெரியுமா? நம் டெடி அட்லஸ்தான். இந்தத் தொழில் அவ்வளவு சின்னது.

ஸ்டூவர்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெட்ராய்ட்டின் கிராங்க் பயிற்சிக்கூடத்தில் டாமி ஹேர்ன்ஸை உருவாக்கியவர், பிறகு லெனக்ஸ் லூயிஸுக்கும் விளாடிமிர் கிளிச்கோவுக்கும் பயிற்சியாளர். காலை எங்கே வைத்தால் வலக்கை போய்ச் சேரும் என்று ஒரே வரியில் சொல்வார். 2002 மே மாதம் நடந்த முதல் மிக்கி வார்டு-ஆர்ட்டுரோ காட்டி சண்டையின் ஒன்பதாவது சுற்றை அவர் பேசுவதோடு கேளுங்கள். இந்த நூற்றாண்டின் சுற்று இதுதான் என்று அவரே பரவசமாகிறார், ஆனாலும் யார் எப்போது களைக்கிறார் என்பதை விடுவதில்லை. 2012 அக்டோபரில் அவர் இறந்த பிறகு அந்த நாற்காலி அதே மாதிரி நிரம்பவில்லை.

மறைவான விலை. எச்பிஓ வர்ணனை அவ்வளவு நன்றாகப் பேசப்பட்டதால்தான் அது ஆபத்து. லெடர்மன் சாதாரண ஆள் இல்லை. உரிமம் பெற்ற நடுவர், தொழிலால் மருந்தாளுநர், 1986லிருந்து எச்பிஓவில். சண்டை நடுவில் அவர் தன் அட்டையைக் காட்டியதும் நம் கண் அந்த அட்டைக்குச் சாதகமானதை மட்டும் தேட ஆரம்பித்துவிடும்.

அப்புறம் காம்ப்யூபாக்ஸ். 1985இல் வந்த முறை. இரண்டு பேர் மேடையருகே உட்கார்ந்து ஆளுக்கொரு வீரரைக் கவனித்து, ஜாப் பட்டதா தவறியதா, மற்றக் குத்து பட்டதா தவறியதா என்று விசையைத் தட்டுவார்கள். ஜாப் இல்லாத எல்லாமே "வலுவான குத்து" கணக்கில் போய்விடும், தடவிவிட்டுப் போகும் ஹூக் (பக்கவாட்டுக் குத்து) உட்பட. எவ்வளவு வலித்தது என்பதற்கு விசை கிடையாது. 1990 மார்ச் 17 அன்று சாவெஸ்-டெய்லர் சண்டையில் மெல்டிரிக் டெய்லர் எண்ணிக்கையில் முன்னால் இருந்தார், இரண்டு நடுவர்களின் அட்டையிலும் நன்றாக முன்னால் இருந்தார். முகமோ சிதைந்துகொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் 2 விநாடி மிச்சம் இருக்கும்போது மேடை நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் சண்டையை நிறுத்தினார். டெய்லர் மருத்துவமனைக்குப் போனார். எண்ணை நம்பிப் பார்த்தவருக்கு அது அநியாயம். முகத்தைப் பார்த்தவருக்கு அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது.

பாக்கியாவின் இரண்டு சண்டைகளிலும் இதே கதைதான். காம்ப்யூபாக்ஸ் கணக்கில் பட்ட குத்துகள் பாக்கியாவுக்குச் சாதகமாகப் பிராட்லிக்கு எதிராக 253-159, ஹார்னுக்கு எதிராக 182-92. இரண்டும் ஒரே திசையில் கை காட்டின.

மெர்ச்சன்ட் பக்கம் ஒரு வார்த்தை. 2011 செப்டம்பரில் மேவெதர், விக்டர் ஓர்டிஸைச் சர்ச்சையான முறையில் வீழ்த்திய உடனே மேடையில் நடந்த பேட்டி. மேவெதர் கடுகடுக்க, 80 வயதான மெர்ச்சன்ட், எனக்கு 50 வயது குறைவாக இருந்தால் உன்னை அடித்திருப்பேன் என்றார். சிரிப்பாக இருக்கும். ஆனால் சேனலின் மிகப்பெரிய வருமானத்திடம் கேள்வி கேட்கிற ஆள் ஒளிபரப்பில் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்தால் மரியாதை வரும்.

எப்போது இதைத் தேர்ந்தெடுப்பது: 1988-2012 காலச் சண்டைகளுக்கு, புதியவராக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இதுதான். விளம்பரமில்லாத ஓய்வு நிமிடம், வேறு மொழி பேசும் மூலைக்கு மொழிபெயர்ப்பு, வாதாடும் குழு. புள்ளி போடப் பழக விரும்பினால் மட்டும் வேண்டாம்.

## ஷோடைம்: 1986 முதல் 2023 வரை

எச்பிஓவுக்கு எப்போதும் தம்பி மாதிரி இருந்த சேனல். 1986 மார்ச் 10 அன்று மார்வின் ஹேக்லர்-ஜான் முகாபி சண்டையோடு தொடங்கி, 2023 டிசம்பர் 16 அன்று மினியாபோலிஸில் டேவிட் மொரெல் சண்டையோடு கடையை மூடியது.

இங்கே கேட்க வேண்டிய குரல் ஆல் பெர்ன்ஸ்டீன். 1980 முதல் இஎஸ்பிஎன்னில் பழகியவர், 2003இல் ஷோடைம் வந்தார். சத்தம் போட மாட்டார். இவர் இப்படிச் செய்தால் அவரால் அதைச் செய்ய முடியாது என்ற மாதிரி வாக்கியங்களாகவே பேசுவார். 2005 மே 7, டியேகோ கொராலெஸ்-ஹோசே லூயிஸ் காஸ்டிலோ முதல் சண்டை. பத்தாவது சுற்றில் இரண்டு முறை விழுந்து, வாய்க்காப்பைத் துப்பி, எழுந்து வந்து அதே சுற்றில் ஜெயிக்கிறார் கொராலெஸ். ஸ்டீவ் ஆல்பர்ட்டும் பெர்ன்ஸ்டீனும் அதை வர்ணித்தார்கள். அந்தச் சுற்றை நான் பலமுறை பார்த்துவிட்டேன். வர்ணனை ஒரு தடவைகூடச் சண்டையை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றதாகத் தோன்றியதில்லை.

பின்னாளில் முக்கியக் குரல் மௌரோ ரனாலோ. ஆற்றல் உண்டு, பாட்டு வரிகளையும் சினிமா உவமைகளையும் அள்ளி வீசுவார். சிலருக்குப் பிடிக்கும். எனக்கு மூன்றாவது சுற்றில் தலை வலிக்க ஆரம்பித்துவிடும்.

ஷோடைமின் மாணிக்கம் பெரிய சண்டைகளில் இல்லை. 2001இல் தொடங்கிய "ஷோபாக்ஸ்" என்ற வரிசையில் இருக்கிறது. வளரும் வீரர்களை இன்னொரு வளரும் வீரரோடு மோதவிடுவது அதன் கொள்கை. இரண்டு பேரும் புதியவர்கள், யாருக்கும் சேனல் கொடி பிடிக்கத் தேவையில்லை. பத்திரிகை ஆசிரியராக இருந்த ஸ்டீவ் ஃபர்ஹுட் பேசுவதில் பள்ளிக்கூட வாசம் அடிக்கும், நல்ல பள்ளிக்கூடம். ஒரு வீரரின் பலவீனத்தை இரண்டாம் சுற்றிலேயே சொல்வார். அது பின்னாளில் பெரிய சண்டையில் அப்படியே வெளிப்படும்.

மறைவான விலை. 2017 ஆகஸ்ட் 26, மேவெதர்-மெக்ரிகர். வர்ணனைக் குழுவில் பாலி மலிக்னாஜி. அவர் சில வாரங்களுக்கு முன் மெக்ரிகருக்குப் பயிற்சிச் சண்டைக்குப் போய், புகைப்படம் வெளியான விஷயத்தில் இருவருக்கும் வெளிப்படையாகச் சண்டை. அவரே வந்து அந்த வீரரைப் பற்றிப் பேசினார். மலிக்னாஜி நுட்பம் தெரிந்தவர், இரண்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றவர். தெரிந்தவருக்குத்தான் கணக்குத் தீர்க்க வேண்டியதும் இருக்கும்.

கடைசி ஆண்டுகளில் ஷோடைமின் மேடையில் பெரும்பாலும் பிரீமியர் பாக்சிங் சாம்பியன்ஸ் என்ற சண்டை நடத்தும் நிறுவனத்தின் வீரர்கள்தான். அந்த நிறுவனம் 2015 மார்ச்சில் என்பிசியில் தொடங்கியபோது சேனலிடம் உரிமைப் பணம் வாங்கவில்லை, தானே பணம் கொடுத்து நேரத்தை வாங்கியது. இப்படி ஓடும் ஒளிபரப்பில் அதே எடையில் இன்னொரு சேனலில் இருக்கும் பெரிய வீரரின் பெயர் காதில் விழுவதே அபூர்வம். பொய் சொல்வதாக யாரையும் குற்றம் சொல்ல முடியாது, சொல்லாமல் விடுவதைத்தான் கவனிக்க வேண்டும்.

எப்போது: நுட்பம் கற்க விரும்புகிறவருக்கு, பெர்ன்ஸ்டீன் அல்லது ஃபர்ஹுட் இருக்கும் பதிவு.

## இஎஸ்பிஎன்

1980 ஏப்ரலில் டாப் ரேங்க் என்ற சண்டை நடத்தும் நிறுவனத்தின் சண்டைகளோடு தொடங்கிய பழைய வரிசை, 1998-2015இல் வெள்ளிக்கிழமைச் சண்டைகள், 2017 முதல் 2025 ஜூலை வரை மறுபடி டாப் ரேங்க். நடுவில் நிற்கும் பெயர் அட்லஸ். பயிற்சியாளர் கண், சாமியார் ஆவேசம். ஒரு வீரர் பயந்துவிட்டார் என்றால் எந்தத் தோள் எந்த விநாடியில் சுருங்கியது என்று சொல்வார். நடுவர்கள் ஊழல் என்ற நம்பிக்கையும் அவருக்கு உண்டு, அது சண்டை தொடங்கும் முன்பே தொடங்கிவிடும். பிரிஸ்பேனில் நாம் கண்டது அதுதான்.

கடைசிக் கட்டத்தில் ஆண்ட்ரே வார்டும் டிமோத்தி பிராட்லியும் வந்தார்கள். ஆமாம், 2012இல் வெற்றி கொடுக்கப்பட்ட அதே பிராட்லி. தோற்காமல் 32 சண்டைகளோடு ஓய்வு பெற்ற வார்டு, கிட்டத்தில் பிடித்துக்கொண்டு மோதும்போது தலையையும் முன்கையையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை விளக்கும்போது வேறு யாரும் அருகில் வர முடியாது.

2020 அக்டோபரில் இஎஸ்பிஎன்னில் லோமசென்கோ-லோபஸ் சண்டை வந்தது. ஒரு நடுவர் 119-109 என்று லோபஸுக்குப் போட்டார், மற்றவர்கள் 116-112, 117-111. அந்த நடுவர் ஜூலி லெடர்மன், ஹெரால்டின் மகள். அப்பா பாக்கியாவுக்குப் போட்ட அதே எண். குடும்பச் சொத்து போல.

மறைவான விலை: விளம்பரம். ஓய்வு நிமிடத்தில் மூலையைக் காட்டாமல் கார் விளம்பரம் ஓடும் சுற்றுகள் நிறைய. வார்டு எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அந்த நிமிடம் திரும்ப வராது.

## பிரிட்டிஷ் குரல்கள்

பிபிசியின் ஹாரி கார்பென்டரை முதலில் கேட்க வேண்டும். 1974இல் கின்ஷாசாவில் அலி 32 வயதில் பட்டத்தைத் திரும்ப வென்ற நொடியில் அவர் குரலில் இருக்கும் திகைப்பு பயிற்சி செய்து வராது. 1989 பிப்ரவரியில் டைசன் முதல் சுற்றில் லேசாகத் தடுமாறியபோது, உள்ளே போ ஃபிராங்க் என்று நண்பர் ஃபிராங்க் புருனோவுக்குக் கத்திவிட்டார். வர்ணனையாளர் ரசிகராக மாறிய நொடி அது. ஒளித்துவைக்காத சார்பு என்பதால் எனக்கு அதில் கோபம் இல்லை. கேட்கிறவர் உடனே கழித்துக்கொள்ளலாம்.

ஸ்கை ஸ்போர்ட்ஸ் 1996 மார்ச்சில் புருனோ-டைசன் இரண்டாவது சண்டையோடு பிரிட்டனில் தனிக்கட்டணச் சண்டைகளை (சந்தாவுக்கு மேல் அந்த ஒரு சண்டைக்கென்றே பணம் கட்டுவது) தொடங்கியது. முன்னாள் பட்டக்காரர் ஜிம் வாட் அங்கே நெடுநாள் புள்ளி போட்டார். அமெரிக்கக் குழுக்களைவிடக் குறைவாகப் பேசுவார்கள், இடைவெளி விடுவார்கள், கூட்டத்தின் ஒலி கேட்கும். உள்நாட்டு வீரர் மேடையில் இருந்தால் மட்டும் அளவு வளைந்துவிடும். வெளிநாட்டார் இருவர் மோதும் சண்டைக்கு ஸ்கை பதிவு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

## இன்றைய நேரலை

இங்கே தேர்வு வர்ணனையால் தீர்மானமாவதில்லை, எந்த வீரர் எங்கே இருக்கிறார் என்பதால்தான். அதனால் சுருக்கமாக ஒரு பட்டியல்:

| தளம் | என்ன கிடைக்கும் | எது உறுத்தும் | யாருக்கு |
|---|---|---|---|
| டாஜோன் | மேட்ச்ரூம் நிறுவனம் நடத்தும் சண்டைகள், 2025 முதல் குயின்ஸ்பெர்ரி நிறுவனத்தின் சண்டைகளும். வாராவாரம் ஏதாவது இருக்கும் | சந்தாவுக்கு மேல் பெரிய இரவுகளுக்குத் தனிக்கட்டணம். நடத்துகிறவரே அடிக்கடி மைக் முன்னால் | வருடம் முழுக்கப் பார்ப்பவருக்கு |
| பிரைம் வீடியோ | 2024 மார்ச் முதல் பிரீமியர் பாக்சிங் சாம்பியன்ஸ் | பெரிய சண்டை பெரும்பாலும் தனிக்கட்டணம் | குறிப்பிட்ட வீரரைப் பின்தொடர்பவருக்கு |
| நெட்ஃபிளிக்ஸ் | சந்தாவுக்குள்ளேயே ஒருசில மாபெரும் இரவுகள் | சண்டையைவிடக் காட்சிக்கு முக்கியத்துவம் | வருடத்தில் ஒன்றிரண்டு மட்டும் பார்ப்பவருக்கு |

டாஜோன் விஷயத்தில் ஒன்று. 2018இல் அமெரிக்காவில் வந்தபோது தனிக்கட்டண முறை செத்துவிட்டது என்று விளம்பரம் செய்தார்கள். கனேலோ ஆல்வரஸோடு 11 சண்டைக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2022 மே மாதம் அதே கனேலோ பிவோலிடம் தோற்ற சண்டையைத் தனிக்கட்டணத்தில் விற்றார்கள். சந்தா எடுக்கும்போது இன்றைய விலையைப் பார்க்காதீர்கள், உங்களுக்குப் பிடித்த வீரரின் கடைசி மூன்று சண்டைகள் சந்தாவுக்குள் வந்தனவா வெளியே போயினவா என்று பாருங்கள்.

வர்ணனையில் டாஜோனின் பலம் மைக் காஸ்டெல்லோ. பிபிசி வானொலியிலிருந்து வந்தவர் என்பதால் கண்ணுக்குத் தெரிவதையும் சொல்லிவிடுவார். கையில் வேறு வேலை வைத்துக்கொண்டு கேட்பவருக்கு அது வரம். திரையை உற்றுப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் அதிகம்.

நெட்ஃபிளிக்ஸில் 2024 நவம்பரில் 58 வயது டைசன்-ஜேக் பால் சண்டையைப் பார்த்தவர்களில் பலருக்குத் திரை உறைந்து உறைந்து வந்தது. அன்றைய உண்மையான சண்டை அதற்கு முன்னால் நடந்த கேட்டி டெய்லர்-அமாண்டா செரானோ (மூன்று நடுவர்களும் 95-94, டெய்லருக்கு). 2025 செப்டம்பரில் கனேலோ-கிராஃபர்டு அங்கேதான் வந்தது. இந்த மாதிரி இரவுகளுக்காக ஒரு மாதம் சந்தா எடுத்துவிட்டு நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டு சேனல்கள் சேர்ந்து நடத்திய இரவுகளுக்கும் தனி விலை உண்டு. 2015 மே 2, மேவெதர்-பாக்கியாவ். மேவெதர் ஷோடைம் ஒப்பந்தத்தில், பாக்கியாவ் எச்பிஓ ஒப்பந்தத்தில். வேறு வழியில்லாமல் லாம்ப்ளியும் பெர்ன்ஸ்டீனும் ராய் ஜோன்ஸும் ஒரே மேசையில். உயர்தரக் காட்சிக்கு 99.95 டாலர். குழு மரியாதையாக நடந்துகொண்டது, அவ்வளவு மரியாதையில் யாரும் யாரையும் மறுக்கவில்லை. சண்டையும் அப்படியே போனது என்று சிலர் சொல்வார்கள், நானும் அவர்களில் ஒருவன்.

## ஒரே சண்டை, மூன்று குரல்

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஒரு பரிசோதனை. 2017 ஏப்ரல் 29, வெம்ப்ளி மைதானம், 90,000 பேர், ஆன்டனி ஜோஷுவா-விளாடிமிர் கிளிச்கோ. பிரிட்டனில் ஸ்கை, அமெரிக்காவில் ஷோடைம் நேரலை, அன்று இரவே எச்பிஓ தாமதமாக. இப்படி ஒரு வாய்ப்பு குத்துச்சண்டையில் அடிக்கடி வராது.

ஐந்தாவது சுற்றில் கிளிச்கோ விழுகிறார், ஆறாவதில் ஜோஷுவா. பதினொன்றாவதில் சண்டை நிறுத்தப்படுகிறது. பத்து சுற்று முடிந்தபோது நடுவர்களின் கணக்கு: 96-93, 95-93 என்று ஜோஷுவாவுக்கு இருவர், 95-93 என்று கிளிச்கோவுக்கு ஒருவர். நடுவர்களே பிரிந்து நின்ற சண்டை என்பதால் உங்கள் கண்ணைச் சோதிக்கச் சரியான இடம்.

ஏழிலிருந்து பத்து வரையுள்ள நான்கு சுற்றுகளை முதலில் ஒலியில்லாமல் பாருங்கள். சுற்று முடிந்ததும் ஒரு காகிதத்தில் 10-9 எழுதுங்கள். ஓய்வு நிமிடத்தில் ஜோஷுவாவின் மூச்சைப் பாருங்கள். அப்புறம் ஒரு பதிவின் ஒலியைத் திறந்து அதே நான்கு சுற்றுகள். மறுநாள் இன்னொரு பதிவு.

ஹார்ன் சண்டையை நான் இப்படித்தான் திரும்பப் பார்த்தேன். ஒலியோடு பார்த்த இரவில் 8-4 என்று பாக்கியாவுக்கு எழுதியிருந்தேன். ஒலியில்லாமல் பார்த்தபோது 6-6. இரண்டு காகிதமும் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.